சீட்டின்றிக் கிடைக்கும் நிவாரணம்; சீர்படாத இரைப்பை

புதுதில்லி: தலைநகரின் எந்த மருந்துக் கடை முன்பும் சிறிது நேரம் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். "கேஸுக்கு மாத்திரை வேண்டும்" என்று ஒருவர் கேட்பார். கடைக்காரர் மறுகேள்வி ஏதுமின்றி அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுப்பார். வாங்குபவர் ஆட்டோ ஓட்டுநராக இருக்கலாம். மத்திய அமைச்சகம் ஒன்றின் சார்புச் செயலராகவும் இருக்கலாம். எவரிடமும் மருத்துவரின் சீட்டு இராது.

வட மாநிலங்களில் 'கேஸ்', 'ஆசிடிட்டி' என்றும், வங்கத்தில் 'அம்பல்' என்றும், தமிழகத்தில் 'வாயுத் தொல்லை', 'அல்சர்' என்றும் மக்கள் குறிப்பிடும் தொல்லைகளின் பின்னே இருக்கக்கூடிய முக்கிய நோய்களுள் ஒன்று இரைப்பை அழற்சி. கடையில் வாங்கும் மாத்திரை வலியை அடக்குகிறது. அழற்சியை உண்டாக்கிய காரணமோ அப்படியே இருந்துவிடுகிறது. இதற்கு நோயாளியின் அலட்சியத்தை மட்டும் குறைகூற இயலாது. மருந்து விற்பனையை நெறிப்படுத்தும் சட்டம் கடை வாசலைத் தாண்டி உள்ளே செல்லாததற்கும் இதில் பங்கு உண்டு.

அறிகுறிகள்

உணவைச் செரிப்பதற்காக இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி உட்சுவரின் மேல் ஒரு சளிப் படலம் காப்பாக அமைந்துள்ளது. இக்காப்பு பழுதுபட்டு உட்சுவர் வீக்கமும் எரிச்சலும் கொள்வதே இரைப்பை அழற்சி. அது முற்றிச் சுவரில் குழி விழுந்தால் குடல்புண் எனப்படுகிறது. அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவது நெஞ்செரிச்சல். இம்மூன்றையும் மக்கள் ஒரே பெயரால் அழைத்தாலும் இவற்றுக்கான சிகிச்சை ஒன்றல்ல.

மேல்வயிற்றில் எரிச்சல் அல்லது மந்தமான வலி, குமட்டல், ஓயாத ஏப்பம், வயிற்று உப்புசம், நான்கு கவளம் உண்டதுமே வயிறு நிரம்பிவிட்ட உணர்வு, பசியின்மை ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சிலருக்கு வெறும் வயிற்றில் வலி மிகும். சிலருக்கு உண்டபின் மிகும். அழற்சி இருந்தும் எந்த அறிகுறியும் தோன்றாதவர்களும் உண்டு. உள்நோக்குக் கருவியால் இரைப்பையைப் பார்த்து, சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதித்தால்தான் அழற்சியை உறுதிப்படுத்த முடியும்.

சில அறிகுறிகள் தோன்றினால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம் ஆகியவை உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டுபவை. (இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் மலம் கறுக்கும், அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.) காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், இரத்தசோகை ஆகியவற்றையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறொன்று. மாரடைப்பின் தொடக்க வலியை 'வாயு' என்று எண்ணி, சோடா குடித்தோ மாத்திரை விழுங்கியோ படுத்துவிடுகிறவர்கள் உண்டு. நெஞ்சில் அழுத்தத்துடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ, வலி இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலோ செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. நீரிழிவு நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் வயிற்று உபாதை போலவே தோன்றக்கூடும் என்பதால் அவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

குடிநீரில் தொடங்கும் கதை

கவலையும் காரமுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பிவந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்த நம்பிக்கையை மாற்றினர். இரைப்பையின் அமிலத்திலும் உயிர்வாழும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற பாக்டீரியாவை 1982-ஆம் ஆண்டு அவர்கள் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர். பிறர் ஏற்கத் தயங்கியதால் 1984-ஆம் ஆண்டு மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகித் தமது கருத்தை மெய்ப்பித்தார். 2005-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. இதே பாக்டீரியாவைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது.

இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் இரைப்பையில் இந்தப் பாக்டீரியா குடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே அது தொற்றிவிடுகிறது. நெரிசலான வீடு, தூய்மையற்ற குடிநீர், கழிப்பிட வசதியின்மை ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. ஆகவே, வீட்டுக்கு வீடு குழாய்வழிக் குடிநீர் வழங்க 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் போன்ற திட்டங்களின் வெற்றி தோல்விக்கும் அடுத்த தலைமுறையின் இரைப்பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தொற்று உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய் வந்தவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளை அமிலக் குறைப்பு மாத்திரையுடன் சேர்த்து, வழக்கமாக 14 நாள்கள் கொடுக்கின்றனர். இரண்டு நாளில் வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டால் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே மருந்துக்கு அது அடங்காமலும் போகலாம். இச்சிகிச்சையில் பயன்படும் மெட்ரோனிடசோல் மருந்துக்கு இந்தியாவில் ஏற்கெனவே எதிர்ப்புத்திறன் மிகுந்துள்ளது. சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் சென்றபின், பாக்டீரியா ஒழிந்ததா என்பதை மூச்சுக்காற்றுச் சோதனை அல்லது மலச் சோதனை மூலம் உறுதிசெய்ய வேண்டும்.

கடை மாத்திரையின் மற்றொரு தீங்கு இங்கே வெளிப்படுகிறது. அமிலக் குறைப்பு மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்பவருக்கு இச்சோதனைகளில் தொற்று இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எனவேதான் சோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அவற்றை நிறுத்திவைக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.

ஒரே கடையில் நோயும் மருந்தும்

இரண்டாவது பெரிய காரணம் வலி நிவாரணிகள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் வலியை உண்டாக்கும் வேதிப்பொருளைத் தடுக்கின்றன. இரைப்பையின் காப்புப் படலத்தைப் பேணுவதும் அதே வகை வேதிப்பொருள்தான். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் நாள்தோறும் இவற்றை விழுங்குபவருக்கு வயிறு எரிவதில் வியப்பில்லை. அதே கடைக்கு மறுநாள் சென்று அவர் வயிற்றுக்கும் மாத்திரை வாங்குகிறார்.

சட்டத்திலும் இவ்விரண்டும் அருகருகே அமர்ந்துள்ளன. 1945-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று உள்ளது. மக்கள்தொகை 1,000-க்கு மிகாத சிற்றூர்களில் உரிமம் இல்லாத கடைகளும் விற்கக்கூடிய வீட்டு மருந்துகளை அது பட்டியலிடுகிறது. ஆஸ்பிரின் மாத்திரையும் அமில முறிவு மருந்தும் அப்பட்டியலில் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளன. மருந்துக் கடையே இல்லாத ஊர்களுக்கு உதவும் நோக்கில் அளிக்கப்பட்ட விலக்கு அது. மருத்துவரும் மருத்துவமனையும் நிறைந்த பெருநகரங்களிலோ, சீட்டு கட்டாயமான மருந்துகளுக்கும் நடைமுறையில் அதே விலக்கு கிடைத்துவருகிறது.

வலி நிவாரணியையும் அமிலக் குறைப்பியையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்ற கதையை நாடாளுமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் நினைவுகூரலாம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாடு குறித்து, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது 59-ஆவது அறிக்கையை 2012-ஆம் ஆண்டு மே மாதம் அளித்தது. மத்திய அனுமதி இல்லாமலேயே கூட்டு மருந்துகளுக்கு மாநில அதிகாரிகள் உரிமம் வழங்கியதை அவ்வறிக்கை கடுமையாகச் சாடியது. பின்னர் பேராசிரியர் சந்திரகாந்த் கோகாட்டே தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரைத்தபடி, 2016-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி 344 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது.

அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், ராபெப்ரசோல் ஆகிய மூன்றும் சேர்ந்த மாத்திரை அப்பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தது. முதல் இரண்டும் வலிக்கு. மூன்றாவது அமிலத்தைக் குறைப்பதற்கு. மருந்து நிறுவனங்களின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் தடையை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் ஆய்வுக்கு விவகாரத்தை அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தபோது அந்த மாத்திரையும் அதில் இருந்தது. நிலைக்குழு சுட்டிக்காட்டியதிலிருந்து இதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

சிலருக்கு வலி நிவாரணியுடன் இரைப்பைக்குப் பாதுகாப்பு மருந்தும் தேவைதான். வயது, பழைய புண், உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்கள் வயிறு எரிகிறது என்பதற்காக அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாத்திரையே பழக்கமானால்

பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் ஆகியவை அதே விதிகளின் 'எச்' அட்டவணையைச் சேர்ந்தவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாதவை. அவ்வாறு எச்சரிக்கும் வாசகம் அட்டையிலேயே, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் உள்ளது. நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து வாங்குபவர் கையில் அந்த வாசகம் முழுதாக வந்துசேர்வதும் இல்லை.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ரானிடிடின் மாத்திரையின் வரலாறு நல்ல பாடம். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு அதில் காணப்படுவதாக 2019-ஆம் ஆண்டு எச்சரிக்கை எழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வெளியான அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் இடம்பெற்றன. நீக்கப்பட்ட 26 மருந்துகளில் ரானிடிடின் ஒன்று. பான்டோபிரசோல் வகை மருந்துகளின் அட்டைக் குறிப்பில் திடீர் சிறுநீரகப் பாதிப்பையும் பக்கவிளைவாகச் சேர்க்குமாறு இந்திய மருந்துத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியதும் குறிப்பிடத்தக்கது.

இம்மருந்துகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக, மருத்துவர் சொன்ன வாரக் கணக்கில் உட்கொண்டால் புண்ணை ஆற்றுவதில் இவற்றுக்கு நிகரில்லை. காலவரையின்றித் தொடர்வதே சிக்கல். பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். நாள்பட்ட அழற்சியால் உட்சுவர் மெலிந்தாலும் அச்சத்து உடலில் சேராது. புலால் உண்ணாதோர் மிகுந்த நாட்டில், ஏற்கெனவே குறைவாக உள்ள ஒன்று மேலும் குறைந்தால் சோர்வு, கால் மரத்தல், மறதி என வேறு உருவில் அது வெளிப்படும். மாதக்கணக்கில் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரப்பதும் உண்டு. "மாத்திரை இல்லாமல் முடியவில்லை" என்று பலர் கூறுவதற்கு அதுவே காரணமாகலாம். படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வழி சொல்வார்.

தவிர்க்க வேண்டிய உணவுகள்

கோதுமை உண்ணும் பஞ்சாப் போன்ற பகுதிகளைவிட அரிசி உண்ணும் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் முன்சிறுகுடல் புண் அதிகம் என்பதைக் கடந்த நூற்றாண்டின் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். உணவே காரணம் என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்த்தது. பாக்டீரியா கண்டறியப்பட்டபின் உணவின் இடம் மாறியது. பெரும்பாலோருக்கு உணவு நோயைத் தொடங்குவதில்லை. இருக்கும் நோயைத் தூண்டவோ தணிக்கவோ செய்கிறது.

எல்லோரும் விலக்க வேண்டியவை முதலில் மதுவும் புகையிலையும். மது காப்புப் படலத்தை நேரடியாகத் தாக்குகிறது. புகைத்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. அடுத்து, மிகுந்த உப்பிட்டவையும் புகையூட்டிப் பதப்படுத்தியவையும். இரைப்பைப் புற்றுநோய் நாட்டிலேயே மிகுதியாகப் பதிவாகும் மாநிலங்களுள் மிசோரம் ஒன்று. அங்கே புகையூட்டிய இறைச்சியும் புகையிலையும் அன்றாட வாழ்வில் கலந்தவை. பாக்டீரியாவும் உப்பும் புகையும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது.

மற்றவை ஆளுக்கு ஆள் மாறுபடும். சோலே பட்டூரா, கச்சோரி, சமோசா போன்ற எண்ணெயில் பொரித்தவை இரைப்பையில் நெடுநேரம் தங்கி உப்புசத்தை உண்டாக்கும். மிளகாய்க் காரமும் ஊறுகாயும் புண்பட்ட சுவரை எரிக்கும். புளி மிகுந்த குழம்பு, தக்காளி, எலுமிச்சை, குளிர்பானங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெறும் வயிற்றில் அருந்தும் காபியும் தேநீரும் அமிலத்தைத் தூண்டும். பால் எரிச்சலைத் தணிக்கும் என்பது பாதி உண்மையே. முதலில் இதம் தந்தாலும் சிறிது நேரத்தில் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. தண்ணீரில் பொங்கும் உப்புத் தூள்களில் சோடியம் மிகுதி; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அவற்றை நாள்தோறும் குடிப்பது தவறு.

இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, பாசிப்பருப்பு கிச்சடி, சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சி ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. தயிரும் மோரும் பலருக்கு நன்மை தரும், புளித்தவை ஆகாது.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்நோயுடன் வாழ்ந்துவரும் இக்கட்டுரையாளருக்கு மருத்துவர் ஒருவர் தந்த யோசனை, எந்த உணவுப் பட்டியலையும்விடப் பயன்பட்டது. இரண்டு வாரங்கள் உண்டது, உண்ட நேரம், வலித்த நேரம் ஆகிய மூன்றையும் குறித்துவைக்கச் சொன்னார். எரிச்சலுக்கும் சாம்பாருக்கும் தொடர்பில்லை என்பதையும், காலை வெறுந்தேநீரும் மாலையில் தள்ளிப்போன மதிய உணவுமே வலி தந்தன என்பதையும் அந்தக் குறிப்பேடு காட்டியது. செய்தியாளர் மாடத்தில் அருகே அமரும் நண்பருக்கோ தேநீர் தீங்கு செய்வதில்லை, தக்காளிதான் ஆகாது.

உணவின் நேரத்துக்கு உள்ள முக்கியத்துவம் அதிகார வட்டாரங்களில் உணரப்படவில்லை. நாடாளுமன்ற உணவகத்தில் மானியம் 2021-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் கேழ்வரகு இட்லி, சோள உப்புமா, பாசிப்பருப்பு அடை போன்றவை கலோரி அளவுடன் அங்கே அறிமுகமாயின. வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் காலைக் கூட்டம், அவை அலுவல், மாலைப் பேட்டி, நள்ளிரவு விவாதம் என்று ஓடுபவர்கள் அவற்றை உண்ணும் வேளை எது என்பதே கேள்வி. கட்டடத் தொழிலாளிக்கும், உணவைப் பிறர் வீட்டுக்குச் சுமந்து செல்லும் இளைஞருக்கும் அந்தத் தேர்வும் இல்லை. ஒரே மூச்சில் நிறைய உண்ணாமல் சிறிது சிறிதாக நான்கைந்து முறை உண்பதும், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவதும் நல்லது. நவராத்திரி, ஏகாதசி, ரமலான் நோன்பு நோற்பவர்கள் மருந்து வேளையை முன்கூட்டியே மருத்துவருடன் கலந்து மாற்றியமைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

மருந்தின் தரத்தையும் அனுமதியையும் பெரும்பாலும் மத்திய அரசு முடிவு செய்கிறது; கடை உரிமமும் ஆய்வாளர் நியமனமும் மாநிலங்களின் பொறுப்பு. இந்த இடைவெளியில்தான் சீட்டில்லா விற்பனை தழைக்கிறது. எச்சரிக்கை வாசகத்தை அந்தந்த மாநில மொழியிலும் அச்சிடுதல், மாவட்ட மருத்துவமனைகளில் பாக்டீரியா சோதனையை இலவசமாக்குதல், காலியான மருந்து ஆய்வாளர் பணியிடங்களை நிரப்புதல் ஆகியவை புதிய சட்டம் ஏதும் இன்றியே செய்யத்தக்கவை. கேள்வி நேரத்தில் இவற்றை எழுப்ப எந்தக் கட்சிக்கும் தடையில்லை.

அதுவரை வாசகர் கையிலும் சில உள்ளன. வயிற்று எரிச்சல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கடையை விடுத்து மருத்துவரை நாட வேண்டும். உட்கொள்ளும் வலி நிவாரணிகளின் பெயர்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாக்டீரியா சோதனை தேவையா, இந்த மாத்திரை எத்தனை வாரங்களுக்கு, எப்போது நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பிறகே சீட்டுடன் எழுந்துவர வேண்டும்.